மீட்பின் வழி நடந்த பாவலர்

நுழையும்முன்

இறைவன் யார், அவர் இயல்பு யாது, மனிதருக்கும் அவருக்கும் உள்ள உறவு எத்தகையது என்னும் வினாக்கள் தமிழ் இலக்கியத்தின் பெரும்பகுதியைப் படைத்திருக்கின்றன. ஆழ்வார்களும் நாயன்மார்களும் சித்தர்களும் இவ்வினாக்களுக்குத் தமிழிலேயே விடை தேடினர். சமணமும் பௌத்தமும் இசுலாமும் கிறித்தவமும் தமிழில் காப்பியம் கண்டன. வைணவத் தமிழில் வளர்ந்து, கிறித்தவ நெறியில் தம் விடையைக் கண்டு, அவ்விடையைக் கம்பனின் நடையில் காப்பியமாக்கியவர் எச்.ஏ. கிருட்டிணப் பிள்ளை. அவருடைய வாழ்வையும் தேடலையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

தாமிரபரணி தந்த தமிழ்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருநெல்வேலி மாவட்டம் இன்றைய எல்லைகளைக் காட்டிலும் பரந்து கிடந்தது. வடக்கே திருவில்லிபுத்தூர், சுந்தரபாண்டியம், இராசபாளையம் ஆகிய ஊர்களும் 1910ஆம் ஆண்டுவரை அம்மாவட்டத்தைச் சேர்ந்தே இருந்தன. பெரியாழ்வாரும் ஆண்டாளும் தோன்றிய திருவில்லிபுத்தூர் அதன் வடபகுதியில் இருந்தது. நம்மாழ்வார் பிறந்த ஆழ்வார்திருநகரி தென்பகுதியில், தாமிரபரணிக் கரையில் இருந்தது. இவ்விரண்டு ஊர்களுக்கும் இடைப்பட்ட நிலத்தில் வைணவம் கோயிலோடு நின்றுவிடவில்லை. திண்ணைகளிலும் வீடுகளிலும் கம்பராமாயணம் படித்துப் பொருள் சொல்லும் வழக்கமாக அது வாழ்ந்தது.

அத்தகைய வீடொன்றில், திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பு என்னும் ஊரில், 1827ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் கிருட்டிணப் பிள்ளை பிறந்தார். தந்தையார் சங்கரநாராயண பிள்ளை. தாயார் தெய்வநாயகி அம்மை. வைணவ வேளாளர் குடி அது. தந்தையார் கம்பராமாயணத்தில் தோய்ந்தவர். எழுத்தறியும் முன்பே இராமகாதையின் ஓசை மகனின் செவியில் நிறைந்தது. பின்னர்த் திருப்பாற்கடல்நாதன் கவிராயரிடம் இலக்கண இலக்கியங்களை முறையாகக் கற்றார். அக்காலத்துக் கல்வி மனப்பாடத்தை அடிப்படையாகக் கொண்டது. நூற்பாவும் செய்யுளும் நாவில் நின்ற பிறகே அவற்றின் பொருளை ஆசிரியர் விரிப்பார். இவ்வாறு பெற்ற சொல்வளமே பிற்காலத்தில் பல்லாயிரம் அடிகளைக் கொண்ட காப்பியத்துக்கு முதலாக அமைந்தது.

சாயர்புரத்துத் தமிழாசிரியர்

அக்காலத்தில் திருநெல்வேலிச் சீமையில் கிறித்தவச் சபைகள் பள்ளிகளை நிறுவிவந்தன. ஜி.யு. போப் 1842இல் தொடங்கிய பணியால் சாயர்புரம் கல்விக்குப் பெயர்பெற்ற ஊராயிற்று. அங்கு இலக்கணம் கற்பிக்க நல்ல தமிழாசிரியர் ஒருவர் தேவைப்பட்டார். இடையன்குடியில் பணியாற்றிய கால்டுவெல், அப்பணிக்குக் கிருட்டிணப் பிள்ளையைத் தேர்ந்தெடுத்தார். 1853ஆம் ஆண்டில், தம் இருபத்தாறாம் அகவையில், கிருட்டிணப் பிள்ளை சாயர்புரத்தில் தமிழாசிரியராக அமர்ந்தார். மூன்றாண்டுகளுக்குப் பின் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டுப் புகழ்பெற்றவரும் இதே கால்டுவெல்தான்.

வேலையில் சேர்ந்தபோது கிருட்டிணப் பிள்ளை உறுதியான வைணவர். ஊதியத்துக்குத் தமிழ் கற்பிப்பது வேறு, அந்நிறுவனத்தாரின் சமயத்தை ஏற்பது வேறு என்பதில் அவர் தெளிவாக இருந்தார். ஆயினும் நாள்தோறும் உடனிருந்து உரையாடும் மனிதர்களின் நம்பிக்கை ஒருவரைச் சிந்திக்க வைக்காமல் விடுவதில்லை. நண்பர் தனகோடி ராஜு கிறித்தவத்தைத் தழுவினார். தம்பி முத்தையா பிள்ளையும் அந்நெறியை ஏற்றார். தம் வீட்டுக்குள்ளேயே வினா நுழைந்துவிட்டபின் அதற்கு விடை காணாமல் இருக்க அவரால் இயலவில்லை. கிறித்தவத் திருநூலையும் விளக்க நூல்களையும் அவர் கற்கத் தொடங்கினார்.

நீதியும் இரக்கமும்

கிருட்டிணப் பிள்ளையின் மனமாற்றத்தை வெறும் சமய மாற்றமாகப் பார்த்தால் அதன் ஆழம் புலப்படாது. இறைவனின் இயல்பைப் பற்றி வைணவம் அவருக்கு ஏற்கெனவே நிறையக் கற்பித்திருந்தது. எல்லாவற்றுக்கும் மேலான பரம்பொருளாகிய திருமால், அடியவர்க்கு எட்டாத தொலைவில் நிற்பவர் அல்லர். தம் பெருமையை மறைத்து எளியவராய் வருபவர். பரத்துவம் எனப்படும் மேன்மையும் சௌலப்பியம் எனப்படும் எளிமையும் ஒருங்கே அமைந்தவர் என்பது வைணவ ஆசிரியர்களின் கொள்கை. உயிர் தன் முயற்சியால் வீடுபேறு அடைவதில்லை. இறைவன் திருவடியில் தன்னை ஒப்புவிக்கும் சரணாகதியே வழி என்பதும் அவர்கள் கற்பித்ததே. இராவணனை விட்டு நீங்கிய வீடணன், பகைவரின் தம்பி என்று ஐயுறப்பட்ட நிலையிலும், இராமனிடம் அடைக்கலம் பெற்றான். கம்பராமாயணத்தைக் கற்ற எவரும் அந்நிகழ்ச்சியை மறப்பதில்லை.

அருள் எவ்வாறு செயற்படுகிறது என்பதில் வைணவத்துக்குள்ளேயே இரு கருத்துகள் நிலவின. குரங்குக் குட்டி தாயை இறுகப் பற்றிக்கொள்வதுபோல உயிரும் தன் பங்குக்குப் பற்றிக்கொள்ள வேண்டும் என்றனர் வடகலையார். பூனை தன் குட்டியை வாயால் கவ்விச் செல்வதுபோல இறைவனே முழுவதும் சுமந்து செல்கிறான் என்றனர் தென்கலையார். மனிதர் செய்யவேண்டியது எவ்வளவு, இறைவன் செய்வது எவ்வளவு என்னும் இதே வினா மேனாட்டுக் கிறித்தவ அறிஞர்களையும் பல நூற்றாண்டுகளாகப் பிளவுபடுத்தியிருந்தது. ஆகவே, அருளைப் பற்றிய கிறித்தவரின் பேச்சு கிருட்டிணப் பிள்ளைக்கு அயல்நாட்டுப் பேச்சாக ஒலித்திருக்க இயலாது. அது அவருக்குப் பழகிய வினாவின் மற்றொரு வடிவம்.

அருள் உண்டு என்பதில் அவருக்கு ஐயமில்லை. அருள்கின்ற இறைவன் நீதிமானாகவும் இருப்பது எவ்வாறு என்பதே சிக்கல். தவற்றைக் கண்டும் காணாமல் விடும் அரசன் அன்புடையவனாகத் தோன்றலாம். ஆனால், அவன் முறை செய்தவன் ஆகான். தவறு செய்த எவரையும் விடாது தண்டிக்கும் அரசன் முறை வழுவாதவன். ஆனால், அவனிடம் அடைக்கலம் புக யாருக்கும் துணிவு வராது. கன்றை இழந்த பசுவின் துயருக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழனின் கதையில் நீதி முழுமையாக நிற்கிறது. அதற்குரிய விலையை அரசனின் தந்தையுள்ளம் செலுத்துகிறது. நீதியும் இரக்கமும் ஒன்றையொன்று குறைக்காமல் இறைவனிடம் எவ்வாறு நிலவக்கூடும் என்னும் இவ்வினாவே கிறித்தவ இறையியலின் நடுவில் உள்ளது.

கிறித்தவம் தரும் விடை சிலுவை. குற்றத்துக்குரிய தண்டனை நீக்கப்படவில்லை. அதை இறைவனே மனிதராய் வந்து தம்மேல் ஏற்றுக்கொண்டார். நீதி நிறைவேறியது, குற்றவாளியும் பிழைத்தார். இறைவன் தொலைவில் அமர்ந்து தீர்ப்பு வழங்குபவர் மட்டுமல்லர். தீர்ப்பின் வலியைத் தாமே தாங்குபவர் என்பது இக்கொள்கையின் உட்பொருள். கிருட்டிணப் பிள்ளை தம் நூல்களிலெல்லாம் திரும்பத் திரும்ப வந்துநிற்கும் இடம் இதுவே. அவருடைய முதன்மையான நூல்களின் பெயர்களில் இரட்சணியம் என்னும் சொல் தவறாமல் இடம்பெறுவதும் இதனால்தான். இரட்சணியம் என்பதற்கு மீட்பு என்பது பொருள்.

முடிவும் அதன் விலையும்

அறிவு ஏற்றுக்கொண்டதை வாழ்வு ஏற்பது எளிதாக இல்லை. அக்காலத்தில் சமயம் மாறுவது தனி மனிதரின் முடிவாக நின்றுவிடாது. பந்தியும் கொள்வினை கொடுப்பினையும் ஈமக்கடனும் அதனோடு அறுபடும். தாயும் மனைவியும் சுற்றமும் என்ன ஆவர் என்னும் எண்ணம் அவரைத் தடுத்தது. நம்பிக்கை உள்ளத்தில் உறுதிப்பட்ட பின்னும் அதை வெளிப்படுத்தத் தயங்கிய காலம் அவர் வாழ்வில் கடினமான காலமாகும். மறைவாக நம்பிக்கொண்டு வெளியே பழைய வாழ்வைத் தொடர்வது உண்மைக்கு மாறானது என்று அவர் முடிவு செய்தார்.

ஊரில் எழக்கூடிய எதிர்ப்பைக் கருதி, முடிவை நிறைவேற்றச் சென்னையைத் தேர்ந்தார். 1858ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள், மயிலாப்பூரிலுள்ள தூய தோமா ஆலயத்தில் திருமுழுக்குப் பெற்றார். ஹென்றி ஆல்பிரடு என்னும் பெயர் அன்று அவருக்குச் சூட்டப்பட்டது. எச்.ஏ. என்னும் முதலெழுத்துகள் அதனைக் குறிப்பன. கிருட்டிணன் என்னும் பெற்றோர் இட்ட பெயரை அவர் நீக்கவில்லை. புதிய பெயரும் பழைய பெயரும் இறுதிவரை சேர்ந்தே நின்றன. வீட்டையும் மொழியையும் உதறிவிட்டு வந்தவர் அல்லர் அவர் என்பதை அப்பெயரே காட்டுகிறது.

அதே ஆண்டில் வட திருநெல்வேலியில் மற்றொரு வாழ்வு முடிவுற்றது. கேம்பிரிட்ஜில் கணிதத்தில் சிறந்து விளங்கிய தாமஸ் இராக்லாந்து, சிவகாசியை மையமாகக் கொண்டு சுற்றுப்புற ஊர்களில் கூடாரமிட்டுத் தங்கிச் சமயப்பணி ஆற்றிவந்தார். 1858ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் அவர் சிவகாசியில் காலமானார். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் தமிழைக் கற்றுத் தம் நம்பிக்கையை விளக்க முயன்றுகொண்டிருந்த காலம் அது. தமிழில் பிறந்து வளர்ந்த புலவர் ஒருவர் அதே நம்பிக்கையை உள்ளிருந்து பேசும் காலம் அப்போதுதான் தொடங்கியது.

சென்னையில் கிருட்டிணப் பிள்ளை, பெர்சிவல் ஐயர் 1855இல் தொடங்கிய தினவர்த்தமானி இதழில் துணையாசிரியராகப் பணியாற்றினார். மாநிலக் கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் வாய்ப்பும் கிடைத்தது. யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் திருநூலை மொழிபெயர்த்தபோது அவருக்கு உதவியவர் சைவப் பெரியார் ஆறுமுக நாவலர். சமயத்தால் எதிரெதிரே நின்றவர்களும் தமிழால் ஒரே மேசையில் அமர்ந்த காலம் அது.

ஒன்றும் மூன்றும்

கிறித்தவ இறைக்கொள்கையில் புதிதாகக் கற்பவர்க்குக் கடினமாகத் தோன்றுவது மூவொரு இறைவன் என்னும் கருத்து. கிறித்தவர் மூன்று தெய்வங்களை வணங்குவதில்லை. இறைவன் ஒருவரே. அவ்வொருவரே தந்தை, மகன், தூய ஆவி என மூன்று ஆள்களாய் விளங்குகிறார் என்பது கொள்கை. படைத்துக் காக்கும் மூலம் தந்தை. மனிதராய் வந்து மீட்டவர் மகன். மனித உள்ளத்தில் தங்கி நடத்துபவர் தூய ஆவி. மூவருக்கும் இறைத்தன்மை ஒன்றே. மேல் கீழ் என்னும் வேறுபாடு இல்லை. கி.பி. 325இல் நிசேயாவிலும் 381இல் கான்ஸ்டாண்டிநோபிளிலும் கூடிய பேரவைகள் நீண்ட விவாதத்துக்குப் பின் இக்கொள்கைக்கு வடிவம் தந்தன.

இக்கொள்கை வெறும் எண்ணிக்கைப் புதிர் அன்று. இறைவன் அன்பே உருவானவர் என்றால், உலகைப் படைக்கும் முன்பு அவர் யாரிடம் அன்பு செலுத்தினார் என்னும் வினா எழும். தந்தைக்கும் மகனுக்கும் ஆவிக்கும் இடையே தொடக்கமில்லாக் காலந்தொட்டு அன்பு நிலவுகிறது என்பது கிறித்தவரின் விடை. அன்பு என்பது இறைவன் செய்யும் செயல்களுள் ஒன்று மட்டுமன்று. அதுவே அவருடைய இருப்பு என்று இதனால் பொருள்படும்.

இறைவன் மனிதராய் வருதல் என்னும் கருத்திலும் கிருட்டிணப் பிள்ளை ஒப்புமையையும் வேற்றுமையையும் கண்டிருப்பார். வைணவத்தில் திருமால் காலந்தோறும் பல அவதாரங்கள் எடுத்து அறத்தை நிலைநாட்டுகிறார். கிறித்தவத்திலோ மனித உருவெடுத்தல் ஒரேமுறை நிகழ்வது. உரோமைப் பேரரசின் ஆளுநர் பொந்தியு பிலாத்துவின் ஆட்சிக்காலம் என வரலாற்றில் குறிப்பிடத்தக்க நாளில் இயேசு தண்டிக்கப்பட்டார். தீயோரை அழிக்க வந்தவராக அவர் போற்றப்படவில்லை. தீமையைத் தம்மேல் தாங்கி இறந்தவராகப் போற்றப்படுகிறார். இவ்விரு சமயங்களும் ஒன்றையே வேறு சொற்களில் கூறுகின்றன என்று எளிதாகச் சொல்லிவிடுவது இரண்டையும் சரியாக அறியாமையாகும். இரண்டும் ஒன்றுக்கொன்று முற்றிலும் அயலானவை என்பதும் அத்தகையதே.

இக்கருத்துகளைத் தமிழில் சொல்லச் சொற்கள் வேண்டியிருந்தன. அச்சொல் தேடலே தனி வரலாறு. பதினேழாம் நூற்றாண்டில் தத்துவ போதகர் எனப்பட்ட இராபர்ட் தெ நொபிலி, சருவேசுரன் என்னும் சொல்லை ஆண்டார். பதினெட்டாம் நூற்றாண்டில் பெப்ரீஷியசு தம் மொழிபெயர்ப்பில் பராபரன் என்னும் சொல்லைப் பயன்படுத்தினார். 1871இல் பவர் ஐயர் தலைமையில் வெளிவந்த மொழிபெயர்ப்பு தேவன் என்றது. 1995இல் வெளியான திருவிவிலியம் கடவுள் என்னும் தூய தமிழ்ச் சொல்லை ஏற்றது. எல்லாவற்றுக்கும் தலைவர் என்பதும், மேலானவற்றுக்கும் மேலானவர் என்பதும், அனைத்தையும் கடந்தும் உள்ளும் நிற்பவர் என்பதும் இறைவனைப் பற்றிய வெவ்வேறு பார்வைகள். ஒவ்வொரு சொல்லும் இறைவனின் ஓர் இயல்பை முன்னிறுத்தி, மற்றொன்றைப் பின்னுக்குத் தள்ளியது. இறைவனைக் குறிக்கச் சொல் தேர்வதே அவர் இயல்பைப் பற்றிய ஆய்வாக அமைந்தது.

பயணக் காப்பியம்

கிருட்டிணப் பிள்ளை திருநெல்வேலிக்குத் திரும்பிப் பாளையங்கோட்டையில் ஆசிரியப் பணியைத் தொடர்ந்தார். பின்னர்த் திருவனந்தபுரம் மகாராசா கல்லூரியிலும் தமிழ் கற்பித்தார். மனோன்மணீயம் இயற்றிய சுந்தரனார் தத்துவப் பேராசிரியராக விளங்கிய கல்லூரி அது. இவ்வாண்டுகளுக்கிடையே அவருடைய பெரும்படைப்பு வளர்ந்துவந்தது.

இங்கிலாந்தில் 1628இல் பிறந்த சான் பன்யன், பாத்திரங்களுக்கு ஈயம் பற்றவைக்கும் தொழிலாளி. அரசின் இசைவின்றிச் சமய உரை நிகழ்த்தியதற்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையில் இருந்தார். அவர் எழுதி 1678இல் வெளியான ‘பில்கிரிம்ஸ் புரோகிரஸ்’ உலகில் மிகுதியாகப் படிக்கப்பட்ட நூல்களுள் ஒன்று. அழிவுக்குரிய நகரத்திலிருந்து ஒருவன் முதுகில் பெருஞ்சுமையோடு புறப்படுகிறான். அவநம்பிக்கை என்னும் சேற்றில் விழுகிறான். சிலுவையின் அடியில் அவன் சுமை தானே கழன்று உருள்கிறது. மாயச் சந்தையிலும் ஐயக் கோட்டையிலும் துன்புற்று, இறுதியில் ஆற்றைக் கடந்து வானக நகரை அடைகிறான். மனித வாழ்வையே பயணமாகக் காட்டும் உருவகக் கதை இது.

இதனைத் தழுவிக் கிருட்டிணப் பிள்ளை இயற்றியதே இரட்சணிய யாத்திரிகம். 3766 பாடல்களைக் கொண்ட இப்பெருங்காப்பியம் ஆதி பருவம், குமார பருவம், நிதான பருவம், ஆரணிய பருவம், இரட்சணிய பருவம் என ஐந்து பருவங்களாகவும் 47 படலங்களாகவும் அமைந்துள்ளது. நற்போதகம் என்னும் மாத இதழில் பதின்மூன்று ஆண்டுகள் தொடராக வெளிவந்து, 1894இல் நூலுருப் பெற்றது. ஒரு படைப்பைப் பதின்மூன்று ஆண்டுகள் மாதந்தோறும் வாசகர் எதிர்நோக்கினர் என்பது அந்நூல் பெற்ற வரவேற்பைக் காட்டும்.

உரைநடையில் இருந்த கதையைச் செய்யுளாக்கியது மட்டும் அவர் செய்த மாற்றம் அன்று. பருவம் என்னும் பகுப்பைப் பாரதத்திலிருந்தும், படலம் என்னும் பகுப்பைக் கம்பரிடமிருந்தும் எடுத்துக்கொண்டார். இடையிடையே தேவாரம் என்னும் பெயரில் இசைப்பாடல்களைச் சேர்த்தார். அவர் இயற்றிய மற்றொரு நூலுக்குப் போற்றித் திருஅகவல் எனப் பெயரிட்டார். அது மாணிக்கவாசகரின் திருவாசகத்தில் உள்ள பகுதியின் பெயர். வைணவக் காப்பிய நடை, சைவப் பாடல் மரபு, ஆங்கிலேயத் தொழிலாளியின் கதை, கிறித்தவ இறைக்கொள்கை ஆகிய நான்கும் ஒரே நூலில் சந்தித்தன.

துன்புறும் இறைவன்

பன்யனின் கதையில் சிலுவை ஓர் இடம். பயணி அதன்முன் நின்று சுமை நீங்கிச் செல்கிறான். கிருட்டிணப் பிள்ளைக்கு அது போதவில்லை. அச்சிலுவையில் இறந்தவர் யார், அவர் எவ்வாறு துன்புற்றார் என்பதைச் சொல்லாமல் சுமை கழன்றதன் பொருள் விளங்காது என்று அவர் கருதியிருக்க வேண்டும். எனவே, குமார பருவத்தில் இரட்சணிய சரிதப் படலம் அமைத்து, இயேசுவின் பாடுகளை விரிவாகப் பாடினார். மூல நூலில் இல்லாத இப்பகுதியே தமிழ்க் காப்பியத்தின் உயிராக விளங்குகிறது.

அப்படலத்தில் இயேசு குற்றவாளியாகக் கட்டுண்டு நிற்கிறார். காவலர் அவரை இகழ்கின்றனர். முள்முடி சூட்டி எள்ளி நகைக்கின்றனர். தம்மை விடுவித்துக்கொள்ளும் ஆற்றல் இருந்தும் அவர் அதைப் பயன்படுத்தவில்லை. இழைக்கப்படும் கொடுமையைவிடக் கொடுமை செய்வோரின் நிலையை எண்ணியே வருந்துகிறார். பண்டைய காப்பியத் தலைவர்கள் வில்லாலும் வேலாலும் வெற்றி பெற்றனர். இக்காப்பியத்தின் இறைமகனோ பொறையால் வெல்கிறார். அரசுரிமையை இழந்து காடேகும்போதும் முகம் வாடாத இராமனைச் சிறுவயதிலேயே அறிந்த புலவருக்கு இவ்வகை வீரத்தைப் பாடும் திறம் இயல்பாகவே வாய்த்தது. எல்லாம் வல்லவரின் உண்மையான வல்லமை, அதைப் பயன்படுத்தாமல் அன்பினால் அடங்கி நிற்பதில் வெளிப்படுகிறது என்னும் கருத்து, இறையியல் நூல்கள் பல பக்கங்களில் விளக்குவது; இப்படலம் அதனைக் காட்சியாகக் கண்முன் நிறுத்துகிறது.

இலக்கிய நோக்கிலும் இக்காப்பியத்துக்கு ஒரு பணி இருந்தது. சமயப் பணியாளர் எழுதிய உரைநடையைப் பாதிரித் தமிழ் எனக் கற்றோர் எள்ளிய காலம் அது. வீரமாமுனிவர் 3615 பாடல்களில் தேம்பாவணி பாடியிருந்தார். தஞ்சை வேதநாயக சாத்திரியார் பெத்லகேம் குறவஞ்சி இயற்றியிருந்தார். எனினும், சீர்திருத்தச் சபையினரிடையே செவ்வியல் நடையில் பெருங்காப்பியம் இல்லை என்னும் குறையைக் கிருட்டிணப் பிள்ளை போக்கினார். மொழி எச்சமயத்துக்கும் தனியுடைமை அன்று என்பதை வாதத்தால் அன்றிப் படைப்பால் நிறுவினார். கிறித்தவக் கம்பர் என்னும் சிறப்புப் பெயர் அவருக்கு நிலைத்தது.

இறுதிக் காலம்

முதுமையிலும் அவர் எழுதுகோல் ஓயவில்லை. தாம் கிறித்தவரான வரலாற்றை உரைநடையில் எழுதினார். சமயங்களை ஆராய்ந்து இரட்சணிய சமய நிர்ணயம் என்னும் நூலை 1898இல் வெளியிட்டார். உள்ளமுருகும் பாடல்களின் தொகுப்பாகிய இரட்சணிய மனோகரம் 1899இல் வெளிவந்தது. மாணவர்க்காக இலக்கணச் சூடாமணி எழுதினார். காவிய தர்ம சங்கிரகம் என்னும் தொகைநூலை உருவாக்கினார். இரட்சணிய குறள், பால இரட்சணிய போதனை ஆகிய நூல்கள் இன்று கிடைக்கவில்லை. ஓலையிலும் தாளிலும் இருந்த தமிழ்ச் செல்வம் பேணுவார் இன்றி அழிந்த வரலாற்றில் அவையும் சேர்ந்துவிட்டன.

1900ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள், எழுபத்திரண்டு அகவை நிறைந்த நிலையில், கிருட்டிணப் பிள்ளை காலமானார். கரையிருப்பில் கேட்ட கம்பனின் ஓசையைச் சாயர்புரத்துக்கும் சென்னைக்கும் பாளையங்கோட்டைக்கும் அவர் தம்மோடு எடுத்துச் சென்றார். நம்பிக்கை மாறியது, அதைச் சொல்லும் நா மாறவில்லை. இறைவனின் நீதியும் இரக்கமும் எங்கே சந்திக்கின்றன என்று இளமையில் எழுந்த வினாவுக்குத் தாம் கண்ட விடையை, பிறர் நம்பிக்கையைப் பழிப்பதால் அன்றித் தம் நம்பிக்கையை அழகுறப் பாடுவதால் நிலைநாட்டினார். அவ்விடையை ஏற்பவரும் ஏற்காதவரும் அவர் தமிழைச் சுவைக்கின்றனர். வேறுபட்ட நம்பிக்கையுடையோர் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ளத் தமிழ் திறந்துவைத்திருக்கும் வாயில்களுள் இரட்சணிய யாத்திரிகமும் ஒன்று.

தெரிந்து தெளிவோம்

கிறித்தவத் தமிழ்க் காப்பியங்கள்

தேம்பாவணி: இயற்றியவர் வீரமாமுனிவர். 3 காண்டங்கள், 36 படலங்கள், 3615 பாடல்கள். இயேசுவின் வளர்ப்புத் தந்தையாகிய சூசையப்பரைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்டது.

இரட்சணிய யாத்திரிகம்: இயற்றியவர் எச்.ஏ. கிருட்டிணப் பிள்ளை. 5 பருவங்கள், 47 படலங்கள், 3766 பாடல்கள். மனித உயிரின் மீட்புப் பயணத்தை உருவகமாகப் பாடுவது.

கற்பவை கற்றபின்...

1. இறைவனைக் குறிக்கத் தமிழ்ச் சமய இலக்கியங்களில் வழங்கும் சொற்களைத் தொகுத்து, ஒவ்வொரு சொல்லும் இறைவனின் எவ்வியல்பை உணர்த்துகிறது என எழுதுக.

2. வீடணன் அடைக்கலம் பெற்ற நிகழ்ச்சியையும், காணாமற்போன மகன் தந்தையிடம் திரும்பும் விவிலியக் கதையையும் ஒப்பிட்டு, அருள் என்னும் கருத்தை வகுப்பறையில் கலந்துரையாடுக.

3. ‘நீதியும் இரக்கமும் ஒருசேர நிற்க இயலுமா?’ என்னும் பொருளில் இரு குழுக்களாகப் பிரிந்து சொற்போர் நிகழ்த்துக.

4. உங்கள் ஊரில் வெவ்வேறு சமயத்தார் தமிழுக்கு ஆற்றிய தொண்டினைக் கேட்டறிந்து கட்டுரை ஒன்று வரைக.